அப்பாவோட ஜனவரி 1 மெசேஜ்

கேள்வி: அக்கா, நான் கோயம்புத்தூர் பையன், இப்ப பெங்களூர்ல ஐடி வேலை. அப்பா பம்ப் கம்பெனில டர்னரா இருந்து ரிடையர் ஆனவர். 2019ல சென்னை சிட்டி எஃப்சிங்கற ஃபுட்பால் டீம் ஐ-லீக்ங்கற தேசிய லீக்க ஜெயிச்சப்ப, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம் கேலரில நாங்க ரெண்டு பேரும் இருந்தோம். இப்ப அந்த டீமே இல்ல. ஆனா அப்பா ஒவ்வொரு ஜனவரி 1ம் தேதியும் கரெக்டா நைட்டு பன்னெண்டு மணிக்கு ஃபேமிலி குரூப்ல "நம்ம டீமுக்கு நன்றி, இந்த வருஷமாவது திரும்பி வரணும்"னு போடறார். எல்லாரும் சிரிப்பு எமோஜி போடறாங்க. போன தடவை சித்தப்பா பையன், "பெரியப்பா, செத்தவங்களுக்கெல்லாம் ஹேப்பி நியூ இயர் சொல்றீங்களா"ன்னே கேட்டுட்டான். எனக்குத்தான் கூச்சமா இருக்கு. இனிமே போட வேண்டாம்னு சொல்லிடலாமா?

பதில்: சொல்லாதீங்க தம்பி. மொதல்ல அதச் சொல்லிடறேன், மீதிய நிதானமா பேசலாம்.

உங்க லெட்டர்ல எனக்கு ஒண்ணு இடிச்சுது. அந்த நாள்ல நீங்களும் கேலரில இருந்தேன்னு ஒரே வரில எழுதிட்டு அடுத்த வரில கூச்சத்துக்குப் போயிட்டீங்க. நான் பொள்ளாச்சிக்காரி, அன்னைக்கு ஸ்டேடியத்துக்கு வர முடியல, ஒரு கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு பந்திக்கு வெளிய நின்னு போன்ல ஸ்கோர் பாத்துட்டிருந்தேன், எனக்கே இன்னும் மறக்கல, நேர்ல பாத்த நீங்க எப்படி ஒரு வரில தாண்டிப் போறீங்கன்னு புரியல.

உங்க சொந்தக்காரங்களுக்கு இந்தக் கதை தெரியாதுன்னு நெனக்கிறேன். சென்னைன்னு பேரு வெச்சுக்கிட்டு கோயம்புத்தூர்ல விளையாடுன டீம், அதுலயே பாதிப் பேருக்கு சிரிப்பு வந்திருக்கும். 2016-17ல ஐ-லீக்குக்குள்ள வந்துச்சு, அந்த சீசன் 8வது இடம், அடுத்த சீசனும் 8வது இடம், மொத்தமே பத்து டீம்தான். அப்படி இருந்தவங்க 2018-19ல சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸோட, ஸ்பெயின்ல இருந்து நாலு பேரு, நம்மூர்ப் பசங்க எட்வின், ரொமாரியோ, அஜித்னு ஒரு கூட்டத்த வெச்சுக்கிட்டு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மாதிரி நூறு வருஷ கிளப்புங்க இருக்கற லீக்ல முன்னாடி நின்னாங்க. அந்த ஸ்பெயின் ஆளுங்கள்ல பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். சீசன் நடுவுலயே ஸ்விட்சர்லாந்து கிளப் எஃப்சி பாசெல் 26 சதவீதம் பங்கு வாங்கறாங்கன்னு நியூஸ் வந்தப்ப நான் ரெண்டு தடவ படிச்சேன், நம்ம டீமையா சொல்றாங்கன்னு.

அப்புறம் மார்ச் 9. சென்னை சிட்டி கைல 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 39. ரெண்டு மேட்சும் ஒரே நேரத்துல, அவங்க கோழிக்கோட்டுல கோகுலம்ங்கற கேரளா டீமோட, நம்மாளுங்க கோயம்புத்தூர்ல அப்போதைய சாம்பியன் மினெர்வா பஞ்சாபோட. ஆரம்பிச்ச மூணாவது நிமிஷமே மினெர்வா கோல். உங்கப்பா மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். செகண்ட் ஹாஃப்ல மான்ஸி பெனால்டி, ஒண்ணுக்கு ஒண்ணு. ஆனா டிரா பத்தாது, அங்க ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா கப்பு போச்சு, கடைசில அவங்க ஜெயிக்கவும் செஞ்சாங்க. அப்பதான் கௌரவ் போரா, ஒரு டிஃபெண்டர், கோல் போடறது அவர் வேலையே இல்ல, ரெண்டு கோல் போட்டார், ரெண்டாவது இஞ்சுரி டைம்ல, அதாவது 90 நிமிஷம் முடிஞ்சு குடுக்கற கூடுதல் நேரத்துல. 3-1. கடைசில 43க்கு 42, ஒரே ஒரு பாயிண்ட். தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் ஜெயிச்சது அதுதான் முதல் தடவ. அடுத்த மாசமே சூப்பர் கப் கால் இறுதில, ஐஎஸ்எல்ங்கற இன்னொரு பெரிய லீக்க ஜெயிச்சுட்டு வந்த பெங்களூரு எஃப்சியையும் 2-1னு அடிச்சாங்க, இத உங்க ஆபீஸ்ல யாராவது வாயத் தொறந்தா சொல்லுங்க.

பின்னாடி நடந்தது சுருக்கமா சொன்னா போதும். ஒவ்வொருத்தரா ஐஎஸ்எல் டீமுங்களுக்குப் போனாங்க, கொரோனா வந்துச்சு, 2020-21 சீசன் மொத்தமும் வங்காளத்துலயே நடந்துச்சு, 2021-22 லிஸ்ட்ல அந்தப் பேரே இல்ல.

இப்ப உங்கப்பா மெசேஜுக்கு வரேன். அதுல ரெண்டு வரி இருக்கு, கவனிச்சீங்களா. நன்றி ஒண்ணு, திரும்பி வரணும்ங்கறது இன்னொண்ணு. நன்றி சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, கொடுத்தது கொடுத்ததுதான், கடை மூடிட்டா அங்க சாப்பிட்ட சோறு இல்லன்னு ஆயிடாதுங்க. ரெண்டாவது வரி பத்தி உங்ககிட்ட மறைக்க மாட்டேன், அதே டீம் அதே பேரோட வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. உங்கப்பாவுக்கும் இருக்காதுன்னுதான் தோணுது, முப்பது வருஷம் லேத்துல நின்ன மனுஷனுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு தெரியாமயா இருக்கும். ஆனா வேண்டுதலுக்கு ஏதாவது ஒரு பேரு வேணுமில்ல, அவருக்குத் தெரிஞ்ச பேரப் போட்டுக்கறாரு. அந்த எடத்துல வேற பேர் வெக்கறது உங்க கைல இருக்கு. எட்வின் சென்னையின் எஃப்சி டீம்ல ஆடுனப்ப, ரொமாரியோ கோவாவுக்குப் போனப்ப, அஜித் பெங்களூருக்குப் போனப்ப ஒரு மேட்ச்சாவது அவரோட உக்காந்து பாத்திருக்கீங்களா? இனிமே டிவில தமிழ்நாட்டுப் பையன் யாராவது எறங்குனா அவருக்கு ஒரு போன் போடுங்க, அது போதும்.

இந்த ஜனவரி 1க்கு ஊருக்கு வருவீங்கதானே. நைட்டு அவர் மெசேஜ் போட்ட உடனே, யாரும் எமோஜி போடறதுக்கு முன்னாடி, கீழ நீங்க ஒரு மெசேஜ் போடுங்க. பெருசா வேண்டாம், 3-1, போரா, இஞ்சுரி டைம், நானும் அங்க இருந்தேன், அவ்ளோதான். அன்னைக்கு எடுத்த போட்டோ பழைய போன்ல கெடந்தா அதையும் போடுங்க.

காலைல அவரக் கூட்டிட்டு ஸ்டேடியம் பக்கம் போங்க, வஉசி பார்க் வழியா நடந்து போனா நல்லாயிருக்கும். எங்க உக்காந்திருந்தீங்கன்னு அவரையே காட்டச் சொல்லுங்க, அவர் சொல்ற எடமும் நீங்க நெனக்கிற எடமும் ஒண்ணா இருக்காது, அதுலயே அரை மணி நேரம் சண்டை ஓடிடும்.

சித்தப்பா பையனையும் வண்டில ஏத்திக்கோங்க. டீ காசு அவன் குடுக்கட்டும்.