1943 வண்டிக்கு 1942 வேஷம் போடலாமா?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தேசிய சேவையில் எம்113 கவச வண்டி ஓட்டியவன் நான். இங்கிலாந்தில் இருக்கும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, கனடாவில் ஃபோர்டு தயாரித்த யுனிவர்சல் கேரியர் என்ற இரண்டாம் உலகப் போர்க் காலச் சிறு கவச வண்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். தகட்டில் 1943 என்று இருக்கிறது. மலாயா சண்டையில் ஓடிய வண்டி மாதிரியே, அந்தக் காலப் பாகங்களோடு செய்ய ஆசை. ஓடுகிற நிலையில் ஒரு ஃபோர்டு வி8 எஞ்சினும், பல இடங்களில் சேர்த்த டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) இணைப்புகளும் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?"

முதலில் மலாயா ஆசையை விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. உங்கள் வண்டி பிறந்ததே அதற்குப் பிறகுதான், அப்புறம் எவ்வளவு பாகம் தேடிப் போட்டாலும் விஷயம் தெரிந்தவர் தகட்டைப் பார்த்துச் சிரிப்பார். அதே வண்டியை 1944-45 பர்மா போர்முனை வண்டியாகச் செய்யுங்கள், அங்கே இந்தியப் படைப்பிரிவுகளிடம் கேரியர்கள் இருந்தன. நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1969 தேசிய தின அணிவகுப்பில் வந்த ஏஎம்எக்ஸ்-13 டாங்கிக்குப் பெட்ரோல் எஞ்சின். 1980களில் அதையே புதுப்பித்து எஸ்எம்1 என்ற டாங்கி ஆக்கியபோது டீசல் எஞ்சின், வேறு கியர்பாக்ஸ், வேறு சஸ்பென்ஷன் என்று உள்ளே எல்லாமே மாறிவிட்டது. இரண்டும் அசல்தான், ஆனால் இரண்டையும் கலந்தால் எந்த வருடத்து வண்டியும் இல்லை. அதனால் ஒரு வருடத்தை முடிவு பண்ணிக்கொண்டு, வாங்குகிற ஒவ்வொரு பாகத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். ஃபோர்டு வி8 என்றால் எல்லாம் ஒன்று என்று விற்பவர் சொல்வார். முன்பக்கம் படம் அனுப்பச் சொல்லுங்கள். போர்க்கால எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) முன்மூடியிலேயே, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு நேராகத் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். அது ஒரு பக்கமாக நிமிர்ந்து நின்றால், போருக்குப் பிறகு, 1940களின் இறுதியிலிருந்து வந்த எஞ்சின், உங்களுக்கு வேண்டாம். சரி, எஞ்சின் சரியானதுதான் என்றாலும் "ஓடுகிறது" என்ற வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இந்த எஞ்சினில் புகை வெளியேறும் வழி பிளாக்குக்கு உள்ளேயே போவதால் சூடு அதிகம், வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விழுவது இதன் பழைய வியாதி. பிளாக்கைக் கழுவி, காந்தத்தூள் போட்டு விரிசல் சோதனை செய்த பிறகுதான் பிஸ்டன், பேரிங் எல்லாம்.

டிராக்தான் பெரிய தலைவலி, பட்ஜெட்டில் பாதியைத் தின்றாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் ஓட்டிய எம்113இல் இணைப்பின் பின், ரப்பர் புஷ் என்ற உறைக்குள் இருக்கும். கேரியரில் அது கிடையாது, வெறும் இரும்புத் துளைக்குள் இரும்புப் பின். ஓட ஓடத் துளையும் தேயும், பின்னும் தேயும், ஒவ்வொரு இணைப்பும் மயிரிழை நீண்டுகொண்டே போகும். தொய்வு வந்தால் ஒரு இணைப்பைக் கழற்றிவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் இணைப்புகளின் இடைவெளி, டிராக்கை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லோடு ஒத்துப்போகாத நிலை வந்துவிட்டால் டிராக் பல்மேல் ஏறிக் குதிக்கும். ஆகவே பல இடத்துச் சரக்கைக் கலக்காதீர்கள். ஒவ்வொரு குவியலிலிருந்தும் இருபது இணைப்புகளைக் கோர்த்து, இழுத்துப் பிடித்து, நீளம் அளக்கச் சொல்லுங்கள். ஒரே நீளம் வருபவை மட்டும் ஒரு வண்டிக்கு, அதிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். பின்னுக்கு கிரீஸ் பூசாதீர்கள். மண் ஒட்டிக்கொண்டு அரைத்துத் தள்ளிவிடும். ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், இடம் வலம் மாற்றிப் போட்டுத் தேயாத முகத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

அந்தக் காலப் பாகமே வேண்டும் என்ற பிடிவாதம் பிரேக்கில் மட்டும் வேண்டாம். பெட்டி பிரிக்காத பழைய லைனிங் (பிரேக்கில் உராயும் பட்டை) கிடைத்தால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பெட்டியை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்குப் புது லைனிங். இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர்களில் ரேடியம் பூசியிருக்கலாம், திறந்து சுரண்டாதீர்கள். போல்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: கனடா ஃபோர்டில் பெரும்பாலும் அமெரிக்க அங்குல மரை, இங்குள்ள பட்டறைகளில் எடுத்த எடுப்பில் நீட்டுவது மில்லிமீட்டர் போல்ட். அவசரத்துக்கு என்று ஒன்றைத் திருகிவிட்டால் மரை போச்சு.

இங்கே பாகம் கடைந்து இங்கிலாந்து நண்பருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ராணுவ வாகனப் பாகங்களும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடியவை என்பதால், வரைபடத்தையும் வண்டியின் வருடத்தையும் இணைத்து சிங்கப்பூர் சுங்கத்துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முன்பக்கம் பொருத்தும் போலி பிரென் இயந்திரத் துப்பாக்கியை மட்டும் நண்பரே அங்கே வாங்கிக்கொள்ளட்டும்.