கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

குளிர்நாட்டில் வசந்தம் வந்து பனி உருகத் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பூச்சிக்கும் பறவைக்கும் இடம் விட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் இந்த முறை கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: அக்கா, போன வருஷத்துச் செடியெல்லாம் காய்ந்த குச்சியாக நிற்கிறது. இந்த வார இறுதியில் மொத்தத்தையும் வெட்டிக் கூட்டிப் பெருக்கிவிடலாமா?

உங்கள் கை துறுதுறுக்கிறது, புரிகிறது. நான்கு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு முதல் வெயில் ஒரு போதை. ஆனால் அந்தக் குச்சிகள் காலி வீடுகள் இல்லை. உள்ளே பொந்தான தண்டில் சிறு தேனீக்களின் குஞ்சுகள் இருக்கலாம். தண்டோடு தண்டாக வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒட்டியிருக்கலாம். சருகுக்கு அடியில் பொறிவண்டுகள் கும்பலாகத் தூங்கும். அள்ளி மூட்டை கட்டினால் எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை பொறுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது ஒரு குத்துமதிப்புதான். எல்லாப் பூச்சியும் அன்றைக்கே எழுந்து போய்விடாது. எவ்வளவு தாமதிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வெட்டும்போதும் தரையோடு வழிக்காதீர்கள். 20 முதல் 45 சென்டிமீட்டர் வரை கட்டையாக விட்டுவிட்டால், வெட்டிய வாய் வழியாகப் புதுத் தேனீக்கள் உள்ளே போய் முட்டையிடும். அசிங்கமாகத் தெரியுமே என்று கவலை வேண்டாம், புதுத்தளிர் வளர்ந்து மறைத்துவிடும். வெட்டிய மேல்பாகத்தைத் தளர்வாகக் கட்டி வேலியோரம் சாய்த்து வையுங்கள். உரக்குழி வேண்டாம், பொடியாக அரைக்கவே வேண்டாம்.

கேள்வி: முதலில் வரும் தேனீக்களுக்கு என்ன பூ வைக்கலாம்? இப்போதே நட முடியுமா?

முதலில் வெளியே வருவது பெரும்பாலும் பம்பிள் தேனீயின் ராணி. குண்டாக, உடம்பெல்லாம் மயிராக, தாழப் பறந்து தரையை மோப்பம் பிடிப்பதுபோல் திரிவாள். இலையுதிர்காலத்திலேயே இணைசேர்ந்து, குளிர் முழுக்க மண்ணுக்குள் தனியாகக் கிடந்தவள். அவளுக்கு வேலைக்காரிகள் யாரும் இல்லை. கூட்டுக்கு இடம் பார்ப்பது, மகரந்தம் சேர்ப்பது, முட்டைமேல் படுத்துச் சூடு கொடுப்பது எல்லாம் ஒற்றை ஆளாக. அவள் பட்டினி கிடந்து செத்தால் அந்த வருஷம் ஒரு கூடே இல்லாமல் போகும். அதனால் இந்த இரண்டு மூன்று வாரப் பூவுக்கு, ஜூன் மாதப் பூவைவிட மதிப்பு அதிகம் என்பேன்.

ஸ்நோட்ராப், குரோக்கஸ், ஹெல்லிபோர், ப்ரிம்ரோஸ் எல்லாம் சரி. எனக்குப் பிடித்தது பல்மனேரியா. இளஞ்சிவப்பாக மலர்ந்து, வயதானதும் நீலமாக மாறும். ஒரே செடியில் இரண்டு நிறமும் சேர்ந்து நிற்கும், தேனீ இளஞ்சிவப்புப் பக்கம் அதிகம் போகும். இடம் இருந்தால் ஒரு வில்லோ வையுங்கள். வில்லோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூந்தேன் இரண்டிலும் உண்டு, மஞ்சள் மகரந்தம் ஆணில் மட்டும். பல வகைகளில் இப்போது ஒரு குச்சியை ஒடித்து ஈரமண்ணில் குத்தினாலே வேர்விடும். கோட் வில்லோ என்கிற வகை மட்டும் முரண்டு பிடிக்கும், அதைக் கன்றாகவே வாங்குங்கள். வீட்டுச் சுவருக்கும் கழிவுக்குழாய்க்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், வேர் தண்ணீரைத் தேடிப் போகும்.

குரோக்கஸ் கிழங்கை இலையுதிர்காலத்தில்தான் நட வேண்டும். ஸ்நோட்ராப்பை மட்டும் பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தோடு பிரித்து இப்போது நடலாம்.

கேள்வி: என் ஹெல்லிபோரில் அடுக்கடுக்காக அழகான பூ. ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லையே?

அந்த அடுக்குதான் காரணம். அடுக்குப் பூக்களில் பெரும்பாலும் மகரந்தத் தாள்களும் பூந்தேன் சுரக்கும் பாகங்களும் இதழாக மாறியிருக்கும். நமக்கு அழகு, தேனீக்குப் பூட்டிய கடை. பக்கத்தில் ஒற்றை அடுக்கு வகை ஒன்றை வையுங்கள்.

கேள்வி: ஒரு பெரிய தேனீ பாதையில் அசையாமல் கிடக்கிறது. தேன் கொடுக்கலாமா?

தேன் வேண்டாம், அதன் வழியாகத் தேனீ நோய்கள் தொற்றலாம். முதலில் மெதுவாக ஒரு இலையில் ஏற்றிப் பூவின்மேல் விடுங்கள். பல சமயம் அவள் குளிரில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். பூவே இல்லையென்றால் வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து சில துளிகள் பக்கத்தில் வையுங்கள். உடம்பில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: புல்தரையில் சின்னச் சின்னதாக எரிமலை மாதிரி மண்மேடுகள். எறும்பு மருந்து போடவேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் அக்கா.

மேட்டின் நடுவே பென்சில் நுழைகிற அளவு துளை இருந்தால் அது மண் தோண்டும் தேனீயாக இருக்க வாய்ப்பு அதிகம். உலகத் தேனீ இனங்களில் 70 சதவீதம்போல மண்ணுக்குள்தான் கூடு கட்டுகின்றன. மேலே சுற்றிச் சுற்றிப் பறப்பவை பெரும்பாலும் ஆண்கள், அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது. சில வாரங்களில் ஆட்டம் அடங்கிவிடும், புல்லுக்கு ஒரு கேடும் இல்லை. தீர்ப்பு உங்கள் பக்கம். அவரிடம் மருந்துக்குப் பதில் ஒரு நாற்காலி கொடுத்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குட்டைக் குளத்தில் தவளை முட்டை, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி மிதக்கிறது. பக்கத்து வீட்டுக் குளத்துக்கும் ஒரு வாளி கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தண்ணீரோடு தவளை நோய்களும், தேவையில்லாத நீர்ச்செடிகளும் சேர்ந்து போகும். அவர்கள் குளம் நன்றாக இருந்தால் தவளை தானாகவே வரும். அதிகமாக இருக்கிறதே என்றும் பதற வேண்டாம். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் முட்டை இருக்கும், பெரிதாகிக் கரையேறுவது மிகச் சில. மீன் விட்டால் அதுவும் மிஞ்சாது. தண்ணீர் குறைந்தால் மழைநீரை ஊற்றுங்கள். கரையில் ஒரு பக்கம் கல் அடுக்கிச் சரிவு வையுங்கள், குட்டித் தவளைக்கும் தவறி விழுந்த முள்ளெலிக்கும் அதுதான் படி.

கேள்வி: பறவைக் கூட்டுப்பெட்டி இப்போது மாட்டினால் தாமதமா?

இல்லை, இன்றே மாட்டுங்கள். துளையின் அளவுதான் முக்கியம்: நீலச் சிட்டுக்கு (ப்ளூ டிட்) 25 மில்லிமீட்டர், கிரேட் டிட் பறவைக்கு 28, வீட்டுச் சிட்டுக்குருவிக்கு 32. உச்சிவெயில் நேரே விழாத பக்கம் பார்த்து வையுங்கள். துளைக்குக் கீழே குச்சி வைத்த பெட்டி வேண்டாம், அது பூனைக்கும் காக்கைக்கும் பிடிமானம்.

கேள்வி: ரோஜாத் தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கிடக்கிறது. மருந்து அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது?

ஒரு பதினைந்து நாள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்த பொறிவண்டு பசியோடு முட்டையிட இடம் தேடுவது அசுவினி இருக்கும் தளிரைத்தான். நீங்கள் விருந்தைக் கலைத்தால் விருந்தாளி வேறு தோட்டத்துக்குப் போய்விடும். மஞ்சள் முட்டைகள் கொத்தாகத் தெரிந்தால், கறுப்பாகக் குட்டி முதலைபோல் நெளியும் புழுக்கள் விரைவில் வரும். அவைதான் பொறிவண்டின் பிள்ளைகள். பகை என்று நினைத்து நசுக்குகிறவர்கள் ஏராளம், முதல் வருஷம் நானும் நசுக்கியவள்தான். செடி மிகவும் துவண்டால் தளிரைக் கையில் தாங்கித் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

கேள்வி: இப்படி எதையும் தொடாமல் விட்டால் தெருவில் போகிறவர்கள் சோம்பேறி வீடு என்பார்களே?

பாதையோரம் மட்டும் ஒரு புல்வெட்டி அகலத்துக்கு நறுக்கென்று வெட்டிவிடுங்கள். ஓரம் ஒழுங்காக இருந்தால் உள்ளே இருப்பதை வேண்டுமென்றே விட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். அந்த ஓரத்தில் டேன்டிலியன் பூத்திருந்தால் மட்டும் வெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், ராணி அங்கே வந்திருப்பாள்.