ஊர் சுற்றுவதற்கும் மதிப்பெண்ணா?

அன்புள்ள ஐயா,

கடிதம் கிடைத்தது. பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கக்கூடிய உங்கள் மகள், புனேயில் ஃபிளேம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்க ஆசைப்படுகிறார். பாடப் பட்டியலில் பொருளியலோடு நாடகமும் தத்துவமும் சுற்றுச்சூழலும் கலந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு "ஊர் சுற்றுவதற்கும் மதிப்பெண் தருகிறார்களாம், இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஊர் சுற்றல் என்று சொல்வதற்கு அங்கே 'டிஸ்கவர் இந்தியா புரோகிராம்' என்று பெயர். மாணவர்கள் குழுவாகப் பிரிந்து, ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில், நாட்டின் ஏதாவது ஓர் ஊரையோ தொழிலையோ கலையையோ எடுத்துக்கொள்வார்கள். அதைப் பற்றிப் படித்து, நேரில் போய் ஆராய்ந்து, அறிக்கை எழுதி முன்வைக்க வேண்டும். இதன் பயன் என்னவென்று கேட்க நீங்கள் புனே வரை போக வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற உங்களுக்கு இது உள்ளூர் விஷயம்.

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அந்தச் சிக்கல் எந்தப் பாடத்தில் வருகிறது? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அது வேதியியல். அந்த உப்பு கழிவுநீரோடு நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை போய் நிலத்தைக் கெடுத்தது. அது மண்ணியல், வேளாண்மை. கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்றால் நீரைச் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும், அது பொறியியல். அதற்கு ஆகும் செலவு சாயக் கூலியில் ஏறுகிறது, கூலி ஏறினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் வருகிறது, அது பொருளியல். பாதிக்கப்பட்ட விவசாயி எந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போனார், பட்டறை மூடிய மாதங்களில் தொழிலாளி என்ன செய்தார் என்பவை வேறு இரண்டு துறைகள். ஒரே ஒரு துறையை மட்டும் படித்தவர், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இதில் ஒரு துண்டைத்தான் பார்ப்பார். பல துறைகளைச் சேர்த்துக் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் களத்துக்குப் போய்ப் படிப்பது என்ற பெயரில் நாட்டில் நடப்பதெல்லாம் இப்படி இருப்பதில்லை. மூன்று நாள் ஒரு கிராமத்தில் தங்கி, பாட்டிமாரோடு படம் எடுத்து, வண்ணத் தாளில் நாலு வரி எழுதி ஒட்டினால் 'களப்பணி' ஆகிவிடுகிறது. அதற்குப் பணம் கட்டுவது வீண். எனவே எந்தக் கல்லூரியானாலும் கேளுங்கள்: களத்துக்குப் போகுமுன் எத்தனை வாரம் வாசிப்பு? நேர்காணல் எடுப்பதையும் மாதிரிக் கணக்கெடுப்பையும் யார் சொல்லித் தருகிறார்? குழுவுக்குள் தனித்தனி மதிப்பெண் உண்டா, அல்லது நான்கு பேர் உழைப்பில் எட்டுப் பேர் தேறுகிறார்களா? போன ஆண்டு அறிக்கை ஒன்றைப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் உஷாராகிவிடுங்கள்.

கால அட்டவணையையும் கேளுங்கள். அமெரிக்காவில் கொலராடோ கல்லூரி 1970 முதல் ஒரு சமயத்தில் ஒரே பாடம் என்ற முறையை நடத்துகிறது. மூன்றரை வாரம் அந்த ஒரு பாடம் மட்டும், பிறகு அடுத்தது. அதனால் பாறைகளையும் மண்ணையும் படிக்கும் நிலவியல் வகுப்பு முழுவதும் மலையடிவாரத்துக்கே போய்த் தங்க முடிகிறது. தவறவிட வேறு வகுப்பே இல்லை. வாரத்துக்கு ஐந்து பாடம் ஓடும் இடத்தில் களப்பணியை எங்கே செருகியிருக்கிறார்கள் என்பதிலிருந்தே அதற்கு அவர்கள் தரும் மதிப்பு தெரிந்துவிடும்.

அடுத்தது வேலை. இங்கே நான் கொஞ்சம் கறார். நாடகமும் தத்துவமும் படிக்கட்டும், நல்லது. ஆனால் முதன்மைப் பாடத்தில் ஆழம் இல்லாவிட்டால் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வார். பொருளியல் என்றால் கணிதம், புள்ளியியல், எகனோமெட்ரிக்ஸ் (பொருளியல் கேள்விகளைப் புள்ளிவிவரத்தால் சோதிக்கும் முறை), தரவைக் கையாள ஒரு மென்பொருள் மொழி ஆகியவற்றை விருப்பப் பாடம் என்று தள்ளிவிடக் கூடாது. இவை இல்லாமல் நல்ல முதுகலைப் பொருளியல் படிப்புக்குள் நுழைவதும் கடினம்.

பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும்? யு.பி.எஸ்.சி. குடிமைப் பணிக்கும் குரூப் 1-க்கும் பட்டம் இருந்தால் போதும், பாடப் பெயர் தடையில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் பணி அப்படியல்ல. அங்கே குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்பார்கள். பெயர் சற்று மாறினாலும் இணையானதுதானா என்ற கேள்வி எழும், அதற்குத் தனி அரசாணை தேடி அலைய நேரிடும். 'பொருளியல்' என்று தெளிவாக இருந்தால் நிம்மதி. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தால் முதுகலை இல்லாமலே கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வை எழுதவும் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கவும் யு.ஜி.சி. அனுமதித்திருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். இத்தகைய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம். விடுதி, பயணம் சேர்த்து முழுப் படிப்புக்கும் கணக்குப் போடுங்கள். கம்பெனியின் நடைமுறை மூலதனத்தில் கைவைத்தால்தான் முடியும் என்றால், வேண்டாம் என்பேன். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறது. சென்னைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையைத் தாண்டியதும், ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலே வேலை உறுதி என்ற கணக்கும் இப்போது அவ்வளவு பத்திரமானதல்ல.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேலே உள்ள கேள்விகளை மகளையே மின்னஞ்சலாக எழுதி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் தவணை கட்டும் தேதிக்கு முன் வரும் பதிலை எனக்கு அனுப்பிவையுங்கள். பளபளப்பான விளம்பரக் கையேட்டை அனுப்ப வேண்டாம். அதில் புல்தரை மட்டும்தான் நன்றாக இருக்கும்.