பெருந்தொற்றுக் காலத்தில் மருந்துகளுக்கு ஏன் தட்டுப்பாடு வருகிறது? வழங்கல் சங்கிலியை உறுதியாக்குவது எப்படி?

வழங்கல் சங்கிலி என்றால், ஒரு பொருள் மூலப்பொருளாக இருந்து கடைக்கு வரும் வரை கடக்கும் முழு வழி. நாங்கள் பார்மசியில் வாங்கும் சாதாரணக் காய்ச்சல் குளிசையையே எடுங்கள். உள்ளே இருக்கும் பரசிற்றமோலை உலகுக்கு அனுப்பும் பெரிய நாடுகளில் ஒன்று இந்தியா, ஆனால் இந்திய மருந்துக் கம்பனிகளின் மூலப்பொருளில் பெரும்பகுதி சீனாவில் இருந்து வருகிறது. 2020இன் தொடக்கத்தில் சீனாவில் ஆலைகள் பூட்டுப்பட, மார்ச் 3ஆம் திகதி இந்தியா பரசிற்றமோல் உட்பட 26 மருந்துப் பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஒரு இடத்தில் கண்ணி அறுந்தால் போதும்.

ஏன் இப்படி? செலவைக் குறைக்க எல்லாரும் மலிவான ஒரே இடத்தில் வாங்கி, கையிருப்பையும் மட்டுமட்டாக வைத்திருந்ததுதான். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவே தேவையில்லை, 2006இல் போரால், யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை பூட்டினபோது சீனி, மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பலைப் பார்த்துக் கிடந்தன. வீட்டில் ஒடியலும் (காய்ந்த பனங்கிழங்கு) நெல்லும் வைத்திருந்தவர் கொஞ்சம் சமாளித்தார். நாடுகளுக்கும் அதே கணக்குத்தான்: இரண்டு மூன்று இடங்களில் வாங்குவது, முக்கிய மருந்தைச் சில மாதத்துக்குச் சேமித்து, காலாவதியாக முன் சுழற்சியில் பாவிப்பது. செலவு கூடும்தான்.

அப்ப எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்தால் சரிதானே என்று பலர் கேட்பார்கள். அதுவும் ஒரே இடத்தை நம்பியிருப்பதுதான். கையுறை உற்பத்தியில் உலகில் முதலிடத்தில் இருந்த மலேசியாவிலேயே 2020 நவம்பரில் தொழிலாளருக்குத் தொற்று வந்து ஆலைகளை மூட வேண்டியதாயிற்று.