காந்தப் பெல்ட்டும் இலை வெட்டும் கத்தரியும்

கேள்வி: அண்ணாச்சி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறேன். மடியில் சுளகை வைத்துக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. இங்கே ஒரு மண்டபத்தில் முகாம் போட்டுக் காந்தப் பெல்ட் விற்கிறார்கள். ‘ஆய்வில் நிரூபணமானது, பத்துக்கு எட்டுப் பேருக்கு வலி குறைந்தது’ என்று நோட்டீஸ். மதினி வாங்கிப் போட்டு, நல்லாயிருக்கு என்கிறாள். நானும் வாங்கலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: மதினி பொய் சொல்லவில்லை, தங்கச்சி. வலி குறைந்திருக்கும். பெல்ட்டால்தான் குறைந்ததா என்பதுதான் வழக்கு.

அவள் எப்போது பெல்ட் வாங்கினாள்? வலி உயிரை எடுத்த வாரத்தில்தானே? இடுப்பு வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது எதைக் கட்டினாலும் அடுத்து இறங்கத்தான் செய்யும். பேர் பெல்ட்டுக்குப் போய்விடும். புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்ட 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. பாரசிட்டமால் தின்றவர்களில் பாதிப் பேர் 17 நாளில் தேறிவிட்டார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்றவர்களிலோ பாதிப் பேர் 16 நாளில்! அந்த வெறும் மாத்திரைக்கு மட்டும் நோட்டீஸ் அடித்திருந்தால் மண்டபம் நிரம்பியிருக்கும்.

அதனால் முகாமில் கேட்க வேண்டியது இதுதான்: பெல்ட் போடாதவர்களுக்கு என்ன ஆயிற்று? யாருக்குப் பெல்ட் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தீர்களா? ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தால் காசும் தெம்பும் உள்ளவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கலில் விடுபட்டவர்களுக்கும் சும்மா விடாமல், பார்க்க அச்சு அசலாக இருக்கும் காந்தமில்லாத பெல்ட் கொடுக்க வேண்டும். வலிக்குத் தெர்மாமீட்டர் கிடையாது, நீங்கள் வாயால் சொல்வதுதான் அளவு. எது அசல் என்று தெரிந்துவிட்டால் சொல்வதும் மாறும்.

காந்தத்தில் இங்கேதான் சங்கடம். முக்கூடலில் போலிப் பெல்ட் ஒரு பொழுது தாங்காது. இலை வெட்டும் கத்தரியைக் கிட்டே கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும், இல்லையா? இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்ந்த 194 பேருக்கு மூன்று விதமாகக் கைவளையம் கொடுத்துப் பார்த்தார்கள்: முழுக் காந்தம், வலு குறைந்த காந்தம், காந்தமே இல்லாதது. 2004-ல் முடிவு வந்தது. முழுக் காந்தம் போட்டவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் அது காந்தத்தின் வேலையா, நம்பிக்கையின் வேலையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். இப்படி எழுதுகிறவர்கள் பெல்ட் விற்க வருவதில்லை. அப்புறம் 2013-ல் யார்க் பல்கலைக்கழகத்தார், முடக்குவாதம் உள்ள 70 பேருக்குக் காந்தப் பட்டை, காந்தம் நீக்கிய பட்டை, செம்பு வளையம் என மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் ஐந்து வாரம் போடச் சொன்னார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டுமே கையில் போட்டவை, இடுப்புப் பெல்ட் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நானாக இருந்தால் வாங்க மாட்டேன். மதினியிடம் சண்டைக்கும் போக மாட்டேன். சுளகை அவ்வப்போது இறக்கி வைத்துவிட்டு எழுந்து நாலு எட்டு நடங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ, பெல்ட் பேச்சை விட்டுவிட்டு அன்றைக்கே பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.