துறையின் நோக்கம் எழுதுவது பற்றி: பதில்

வணக்கம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்குள் உங்கள் கணிதம், புள்ளியியல் துறைக்கு நோக்கமும் விழுமியங்களும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் 'உலகத் தரம்' என்றே இருக்கிறது, என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மாதிரிச் சொற்களை முதலில் தூக்கிப் போடுங்கள். இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு புள்ளியியலுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டுமா? மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. அந்த நிலையம் எல்லாப் படகையும் எண்ணுவதில்லை. படகுகள் மீன் இறக்கும் இறங்குதளங்களில் சில, சில நாள், சில படகு என்று மட்டும் தேர்ந்தெடுத்து எண்ணுகிறது. அப்புறம் அதிலிருந்து மொத்த மீன்வரத்தை மதிப்பிடுகிறது. 'ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது இறங்குதளத்தில் நின்று தன் கையால் தரவு எடுக்க வேண்டும்' என்று எழுதுங்கள். இது நோக்கம். கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய படகுக்குப் பூஜ்யம் போட வேண்டும். விட்டுவிட்டால் சராசரி ஏறிவிடும். இது விழுமியம். 'நேர்மை' என்று ஒற்றைச் சொல் எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

(ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. களப்பணியை அதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.)

கணிதத்துக்கு ஒன்று போதும்: கரும்பலகையில் மூன்றாவது வரி தப்பு என்று முதலாண்டு மாணவி எழுந்து சொன்னால் பேராசிரியர் திருத்த வேண்டும்.

எழுதியதை இறுதியாண்டு மாணவர்களிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். குழு அவர்களிடமும் பேசும்.