அக்கா பொண்ணு 10 மாதத்தில் நடந்தாளாம்! கோலாலம்பூர், பினாங்குப் பெற்றோரின் கேள்விகளும் குழந்தை வளர்ச்சிச் சிகிச்சையாளரின் பதில்களும்

செந்தூல் அம்மா: பையனுக்கு 14 மாசம், இன்னும் நடக்கல. அக்கா பொண்ணு 10 மாசத்திலேயே நடந்துட்டா. மாமியார் வாக்கர் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

வேண்டாம். வாக்கரில் பிள்ளை விரல் நுனியால் தரையை உந்துகிறானே தவிர, சமநிலை பிடிக்கப் பழகுவதில்லை. படிக்கட்டில் உருளும் ஆபத்து வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், தனியாக நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்தில் தொடங்கி 17 மாதத்தைத் தாண்டியும் போகிறது. உங்கள் பையனும் அக்கா பெண்ணும் அதற்குள்தான் இருக்கிறார்கள். சோபாவைப் பிடித்து எழுகிறானா, பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறானா என்று பாருங்கள். நகர்ந்தால் வெறுங்காலோடு விட்டு, சோபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஓரடி இடைவெளி வையுங்கள். 18 மாதத்திலும் நடக்காவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். ஒரு பக்கக் கைகாலை மட்டும் பயன்படுத்தினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளையா? 32 வாரத்தில் பிறந்திருந்தால், இரண்டு வயதுவரை 8 வாரத்தைக் கழித்தே வயதைச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அப்பா: மகளுக்கு 2 வயசு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கதையே சொல்லுது, இவ சில வார்த்தைதான். வீட்ல தமிழ், தாஸ்காவில (குழந்தைகள் காப்பகம்) மலாய், டிவியில இங்கிலீஷ். தமிழை நிறுத்திடவா?

நிறுத்தாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. நீங்கள் சரளமாகப் பேசும் மொழியை விட்டுவிட்டால், மகளிடம் பேசுவதே குறைந்துபோகும், நஷ்டம் அங்கேதான்.

முதலில் எண்ணுங்கள். ஐஸ்பெட்டியில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் அவள் சொல்வதையெல்லாம் குறித்து வையுங்கள். ‘தண்ணி’, ‘சூசூ’ (மலாயில் பால்), ‘பால்’, ‘கார்’ எல்லாமே கணக்கு. பூனைக்கு ‘மியாவ்’ என்றாலும் ஒரு சொல்தான். பல பெற்றோர் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணிவிட்டுப் பயந்துபோகிறார்கள். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்: ‘அம்மா வா’. மலாயில் ‘நாக் சூசூ’ (பால் வேணும்) என்றாலும் சரி, ஆங்கில ‘மோர்’ (இன்னும்) சேர்த்து ‘மோர் தண்ணி’ என்று கலந்தாலும் சரி.

அடுத்து, பேச்சில்லாத பேச்சைக் கவனியுங்கள். விமானத்தை விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? சைகை காட்டாமல் ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் எடுத்து வருகிறாளா? இவை இருந்து சொல் மட்டும் குறைவு என்றால் கவலை சற்றுக் குறைவு. ஆனாலும் சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் செவித்திறன் சோதனை முதலில். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல் தெளிவாகக் கேட்காது. வீட்டில் கைதட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை.

பேசும்போது அவள் சொன்னதோடு ஒரு சொல் கூட்டுங்கள். ‘கார்’ என்றால் ‘செவப்பு கார்’. பிறகு வாயை மூடிக்கொண்டு ஐந்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். ‘சொல்லு சொல்லு’ என்று நெருக்கினால் பிள்ளை வாயே திறக்காது. டிவி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மா: பாலர் பள்ளியில 6 வயசு வகுப்பு. மகன் டிசம்பர்ல பிறந்தவன், எழுத்து ரொம்ப மோசம். மத்த பிள்ளைங்க அழகா எழுதறாங்க.

நம் மலேசியாவில் பிறந்த ஆண்டை வைத்தே வகுப்பு பிரிக்கிறார்கள். ஜனவரிப் பிள்ளை அவனைவிடப் பதினொரு மாதம் மூத்தது; இந்த வயதில் அது பெரிய இடைவெளி. போன தவணைப் பயிற்சிப் புத்தகத்தை இன்றையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பக்கத்து மேசைப் புத்தகத்தோடு அல்ல. பக்கம் பக்கமாக எழுத வைப்பதுதான் வழக்கமான தவறு. கை வலித்ததும் பென்சிலை முஷ்டியால் பிடிக்கத் தொடங்குவான், அதுவே பழக்கமாகிவிடும். சப்பாத்தி மாவு பிசையட்டும், துணி மாட்டும் கிளிப்பை அழுத்தட்டும். ஓர் அங்குல நீளத்துக்கு உடைத்த கிரையானைக் கொடுங்கள். முஷ்டியால் பிடித்து எழுத வராது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பத்து நிமிடம் போதும்.

ஆயர் ஈத்தாம் அம்மா: 5 வயசுப் பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான்னு டீச்சர் சொல்றாங்க. வீட்ல ஐபேட் குடுத்தா ரெண்டு மணி நேரம் உட்காருவான்.

ஐபேட்டை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அது நொடிக்கு நொடி மாறிப் பிள்ளையைப் பிடித்து வைக்கிறது. கதை கேட்கும்போதும் சாப்பிடும்போதும் எத்தனை நிமிடம் உட்காருகிறான் என்று பாருங்கள். டீச்சரிடம் ‘எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில்?’ என்று கேளுங்கள். தூக்கத்தையும் கணக்கெடுங்கள்: இந்த வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். கவனக்குறைவுக் கோளாறு என்று சொல்ல, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வகுப்பில் மட்டும் என்றால் பாடம் புரியவில்லையா, காது கேட்கவில்லையா, சலிப்பா என்று முதலில் பாருங்கள்.

ஜெலுத்தோங் அம்மா: 20 மாசம். ஆறேழு சொல் சொல்லிட்டு இருந்தான், இப்ப ஒண்ணுமே இல்ல. கூப்பிட்டாலும் திரும்பல. ‘ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்’னு எல்லாரும் சொல்றாங்க.

அந்தப் பேச்சை இதில் கேட்காதீர்கள். தாமதம் வேறு, வந்த திறமை போய்விடுவது வேறு. இந்த வாரமே அரசுச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும், அவன் முன்பு பேசிய காணொளி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எந்தச் சொல் எந்த மாதம் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாள் கேட்டு நிரப்புங்கள். ‘எப்போதாவது செய்வான்’ என்றால் ‘ஆம்’ என்று போட்டுவிடாதீர்கள், வழக்கமாகச் செய்வதற்கே ‘ஆம்’. செவித்திறன் சோதனைக்கும் குழந்தை நல நிபுணருக்கும் பரிந்துரைக் கடிதம் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.